வாசலில் நர்ஸம்மா

பழனியிலிருந்து திண்டுக்கல் போகிற ரோட்டில் ஆயக்குடி வந்துவிட்டது என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. கொய்யாப்பழ வாசனையே சொல்லிவிடும். இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு விடிகாலையிலேயே வேலை ஆரம்பமாகிவிடுகிறது. தோப்பு, கூடை, சந்தை, நடுவில் அடுப்பு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். அந்த அவசரத்தில்தான் வாசலில் குரல் கேட்கும்: "யாரும்மா வீட்டுல? நர்ஸம்மா வந்திருக்கேன்!"

நம்மில் எத்தனை பேர் கதவு வரை வருகிறோம்? "எல்லாரும் நல்லாத்தான் இருக்கோங்க்கா, அடுத்த வாரம் வாங்க!" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். டாக்டரம்மா என்றால் நாற்காலியைத் துடைத்துப் போடுகிற நமக்கு, நர்ஸம்மா என்றால் 'பேர் எழுதிக்கிட்டுப் போறவங்கதானே' என்று ஓர் அலட்சியம். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஒரு காலத்தில் அந்த நினைப்பு இருந்தது.

கிராம சுகாதார செவிலியர் என்பது அவருடைய பதவியின் பெயர். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. தமிழ்நாட்டில் இப்படி எட்டாயிரத்துக்கும் அதிகமான துணை நிலையங்கள் இருக்கின்றன. டாக்டர் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையத்தில். அவரைத் தேடி நாம் போக வேண்டும். நம்மைத் தேடி வருகிறவர் நர்ஸம்மாதான். முன்பெல்லாம் மலேரியாவுக்கு ஒருவர், அம்மைக்கு ஒருவர், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒருவர் என்று ஆளாளுக்கு வந்து கதவைத் தட்டினார்கள். 1973-இல் கர்த்தார் சிங் கமிட்டி, 'ஒரே பணியாளர் எல்லாவற்றையும் பார்க்கட்டும்' என்று சிபாரிசு செய்தது. அப்புறம்தான் இந்தப் பல்நோக்குப் பணி வந்தது. ஒரு தோளில் அத்தனை பாரம்!

இதற்கு விதை போட்டவர்களில் ஒருவர் நம் ஜில்லாவிலேயே வாழ்ந்தார். டாக்டர் சௌந்தரம் அம்மாள், டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். இளம் வயதிலேயே கணவரை இழந்து, பிறகு டில்லிக்குப் போய் டாக்டருக்குப் படித்தவர். பெரிய பட்டணத்தில் ஆஸ்பத்திரி கட்டி உட்கார்ந்திருக்கலாம். அவரோ கணவர் ஜி. ராமச்சந்திரனுடன் சின்னாளப்பட்டிப் பக்கம் வந்து 1947-இல் காந்திகிராமத்தைத் தொடங்கினார். சிறிய பிரசவ விடுதியாகத் தொடங்கியதுதான் இன்றைய கஸ்தூரிபா ஆஸ்பத்திரி. கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துக் கிராமத்துக்கே அனுப்புவது அவருடைய வழி. 1964-இல் அங்கே அமைந்த கிராமிய சுகாதாரப் பயிற்சி நிலையம், சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டது.

சரி, நர்ஸம்மா வந்து என்னதான் செய்கிறார்? எடை பார்ப்பார், ரத்த அழுத்தம் பார்ப்பார், ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்ப்பார், சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பார். பெரிய வைத்தியம் எதுவும் அவர் செய்வதில்லை. கெடுதலை முதலிலேயே கண்டுபிடித்து டாக்டரிடம் அனுப்புவதுதான் அவர் வேலை. அதில்தான் உயிர் இருக்கிறது.

எந்த வீட்டிலும் நடக்கிற பேச்சுத்தான் இது:

"என்னம்மா, காலு இப்படி வீங்கியிருக்கு?"

"மாசம் ஆயிருச்சுல்ல, நீர்வீக்கந்தாங்க்கா."

பக்கத்திலிருந்து மாமியாரும், "நாங்க பெறாத புள்ளயா? எல்லாருக்கும் வீங்கத்தான் செய்யும்" என்பார். மாமியார் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. பல பேருக்குச் சாதாரண வீக்கம்தான். ஆனால் முகமும் கையும் சேர்ந்து வீங்கி, தலைவலி விடாமல் இருந்து, கண் மங்கலாகி, மேல்வயிறு வலித்தால் அது வேறு கதை. ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டுவிட்டால் சும்மா இருக்கக் கூடாது. கவனிக்காமல் விட்டால் வலிப்பு வந்து, தாய் பிள்ளை இரண்டு பேருக்கும் ஆபத்து. அந்தக் காலத்தில் 'பிரசவ ஜன்னி' என்று சொல்லி அழுதார்களே, அதில் பல இதுதான். எது சாதாரண வீக்கம், எது ஆபத்தான வீக்கம் என்று கண்ணால் பார்த்து மாமியாரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. நர்ஸம்மா கையிலிருக்கிற கருவி சொல்லும்.

அடுத்தது இரும்புச்சத்து மாத்திரை. இதில் நாம் செய்கிற கள்ளத்தனம் கொஞ்சநஞ்சமில்லை! வாங்கி வைப்போம், "சாப்பிட்டியாம்மா?" என்றால் தலையாட்டுவோம், மாத்திரை அலமாரியிலேயே இருக்கும். குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயம். கறுப்பாகப் போவது சகஜம், பயப்பட வேண்டாம். குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ரத்த சோகை. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்த சோகைதான். அந்த உடம்போடு பிரசவத்துக்குப் போனால், சாதாரணமாகத் தாங்கக்கூடிய ரத்தப்போக்கைக்கூடத் தாங்க முடியாது.

மாத்திரையைக் காபி, டீயோடு போடாதீர்கள். சத்து உடம்பில் சேராது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இதையும் ஒன்றாகப் போடக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பை உடம்பு வாங்கிக்கொள்ள உதவுவது வைட்டமின் சி. அது ஆரஞ்சில் இருப்பதைவிட மூன்று நான்கு மடங்கு கொய்யாவில் இருக்கிறது. ஆயக்குடிக்காரர்கள் கூடை கூடையாக வெளியூருக்கு அனுப்புகிறார்களே, அதில் ஒன்றை வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிக்கு எடுத்து வைத்தால் என்ன! (சர்க்கரை இருப்பதாகச் சொல்லியிருந்தால் எவ்வளவு சாப்பிடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.)

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். நம் பக்கத்தில் ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். புகுந்த ஊர் நர்ஸம்மா ஏழு மாசமாகப் பார்த்து எழுதி வைத்ததெல்லாம் அங்கேயே நின்றுவிடும். பிறந்த ஊர் நர்ஸம்மாவுக்கு இப்படி ஒரு கர்ப்பிணி வந்திருக்கிறாள் என்பதே தெரியாது. ஆபத்து அதிகமாக வரக்கூடிய கடைசி மாசங்களில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போகிறது.

எனக்கே நடந்தது. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனபோது பட்டுப்புடவை, வளையல், ஊறுகாய் எல்லாம் பெட்டியில் இருந்தது. தாய் சேய் நல அட்டை மட்டும் மாமியார் வீட்டு பீரோவில். "போன மாசம் பிரஷர் எவ்வளவு இருந்துச்சு?" என்று அந்த ஊர் நர்ஸம்மா கேட்டார். நான் முழித்தேன். அன்று கொஞ்சம் கூடுதலாக இருந்தது. முன்பே இருந்ததா, புதிதாக ஏறியதா என்று தெரியாமல் அவர் தவித்த தவிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. கடைசியில் என் வீட்டுக்காரர் ராத்திரி பஸ் பிடித்து அட்டையைக் கொண்டுவந்தார். புதிதாக ஏறியதுதான். மறுநாளே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

அதனால் கிளம்புவதற்கு முன் இந்த ஊர் நர்ஸம்மாவிடம், எந்த ஊருக்கு, எந்தத் தெருவுக்குப் போகிறோம் என்று சொல்லுங்கள். இப்போது ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பதிவு எண் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் அது வேண்டும். எண்ணைத் தனியாக ஒரு தாளில் எழுதி அட்டையோடு வையுங்கள். போய் இறங்கிய வாரமே அந்த ஊர் நர்ஸம்மாவிடம் காட்டிவிடுங்கள்.

பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகும் நர்ஸம்மா வருவார். "தீட்டு வீடு, அப்புறம் வாங்க" என்று அனுப்பாதீர்கள். ரத்தம் அதிகமாகப் போவது, காய்ச்சல், கெட்ட வாடை, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, இவையெல்லாம் முதல் வாரத்திலேயே வரலாம். இதில் எது இருந்தாலும் அவர் வருகிற நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108-க்குப் போன் போட்டால் வண்டி வரும்.

மாமியாருக்கும் ஒரு சேதி. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சுய உதவிக் குழுப் பெண்களே வீட்டுக்கு வந்து ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மாத்திரையும் கொண்டுவந்து தருகிறார்கள். "நாங்க பெறாத புள்ளயா" என்கிற அத்தையும், மருமகளோடு வாசலுக்கு வந்து கையை நீட்டிவிடட்டும். நர்ஸம்மாவுக்கு அந்த நேரத்தில் ஒரு சொம்பு மோர் கொடுங்கள். வெயிலில் நடந்து வந்திருப்பார்.