பாம்பு கடித்தால் மணியைப் பாருங்கள்

கோபாலபுரம் ஓர் எல்லை ஊர். ஒரு பக்கம் போனால் பொள்ளாச்சி. மறுபக்கம் போனால் சித்தூர், பாலக்காடு. சோதனைச் சாவடியைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும். பேச்சு மாறாது. அந்தப் பக்கமும் தமிழ் கேட்கும், இந்தப் பக்கமும் தமிழ் கேட்கும். தென்னந்தோப்பும் மாறாது. பாம்புக்கோ எல்லையே கிடையாது.

தோப்பில் தேங்காய் உரிக்கிறார்கள். உரித்த மட்டையை ஓரமாகக் குவிக்கிறார்கள். அந்தக் குவியலில் எலி குடியேறுகிறது. எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. பிறகு ஒருநாள் மட்டை அள்ள ஒரு கை உள்ளே போகிறது. அது யாருடைய கை? தோப்பு முதலாளியின் கை அல்ல. கூலிக்கு வந்தவரின் கை.

ஒரு கதையாக வைத்துக்கொள்வோம். மழைக்காலம். பொழுது சாய்கிற நேரம். ஒருவர் வயலுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வரப்பில் வருகிறார். காலில் செருப்பு இல்லை. கையில் விளக்கும் இல்லை. வீட்டு வாசலில் வந்து உட்காருகிறார்.

"ஏம்புள்ள, கால்ல என்னமோ சுருக்குன்னுச்சு. இப்ப எரியுது."

"முள்ளா இருக்குமுங்க."

"முள்ளாட்டம் தெரியல. ரெண்டு புள்ளி இருக்குது பாரு."

"அய்யோ சாமி! யாராச்சும் ஒரு கயித்த எடுத்துட்டு ஓடியாங்க!"

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்துவோம். கயிறு எடுக்க ஓடுகிறார்களே, அதைப் பற்றி முதலில் பேச வேண்டும்.

கயிறு ஏன் கூடாது?

கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டினால் விஷம் ஏறாது என்று நம் தாத்தா காலத்திலிருந்து சொல்லி வருகிறார்கள். சினிமாவிலும் அப்படித்தான் காட்டுவார்கள். ஆனால் இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்றுபோகும். ரத்தம் போகாத கால் செத்துப்போகும். இப்படிக் கட்டியதாலேயே காலை இழந்தவர்கள் உண்டு. இன்னொரு ஆபத்தும் உண்டு. கட்டை அவிழ்த்ததும், தேங்கி நின்ற விஷம் மொத்தமாக உடம்பில் பாயும். அதனால் கயிறு வேண்டாம். பிளேடால் கீறவும் வேண்டாம். வாயால் உறிஞ்சவும் வேண்டாம். பச்சிலை, மஞ்சள், விஷக்கல் எதுவும் உள்ளே போன விஷத்தை வெளியே எடுக்காது.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் மணியைப் பாருங்கள். எத்தனை மணிக்குக் கடித்தது என்பதை மனத்தில் வையுங்கள். முடிந்தால் எழுதி வையுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்று.

அடுத்து, கடிபட்டவரை அசையாமல் உட்கார வையுங்கள் அல்லது படுக்க வையுங்கள். நடந்தாலோ ஓடினாலோ தசை இயங்கும். தசை இயங்கினால் விஷம் வேகமாகப் பரவும். கால் முறிந்தால் எப்படிக் கட்டை வைத்துத் துணி சுற்றுவோமோ, அப்படிச் செய்யலாம். ஆனால் துணி இறுகக் கூடாது. மெட்டி, கொலுசு, மோதிரம், வளையல், கைக்கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கால் வீங்கிய பிறகு மெட்டியைக் கழற்ற முடியாது.

பிறகு 108-க்கு போன் செய்யுங்கள். இந்த எண் தமிழ்நாட்டிலும் உண்டு, கேரளத்திலும் உண்டு. வண்டி வரத் தாமதமானால் மோட்டார் சைக்கிளிலேயே கொண்டுபோகலாம். ஓட்டுகிறவர் முன்னால். கடிபட்டவர் நடுவில். பிடித்துக்கொள்ள ஒருவர் பின்னால்.

பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டுமா? வேண்டாம். அடிக்கப் போய் இன்னொருவரும் கடி வாங்குவார். எட்ட நின்று போனில் படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். உடம்பில் தெரியும் குறிகளை வைத்தே மருத்துவர் கண்டுபிடிப்பார்.

நாலு பாம்புகள்

நம் நாட்டில் எத்தனையோ வகைப் பாம்புகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு ஆளைக் கொல்லும் விஷம் கிடையாது. சாரை, தண்ணீர்ப்பாம்பு, மண்ணுளி எல்லாம் விஷமில்லாதவை. கொம்பேறி மூக்கன் என்றால் எனக்குச் சின்ன வயதில் நடுக்கம். கடித்துவிட்டு மரத்தில் ஏறிக்கொள்ளும், சுடுகாட்டுப் புகையைப் பார்த்த பிறகுதான் இறங்கும் என்று பாட்டி சொல்வார். அதற்கும் ஆளைக் கொல்லும் விஷம் கிடையாது. பல்லியையும் தவளையையும் தின்று பிழைக்கும் ஒல்லிப் பாம்பு அது. பாவம், வீணாக அடிபட்டுச் சாகிறது.

மிக அதிகமாக உயிர் குடிப்பவை நாலுதான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்.

நல்ல பாம்பை எல்லோருக்கும் தெரியும். படம் எடுக்கும். சீறும். 'விலகிப் போ' என்று முதலில் எச்சரிக்கும்.

கட்டுவிரியன் அப்படியல்ல. இரவில்தான் நடமாடும். கருப்பு உடம்பு, அதில் மெல்லிய வெள்ளைக் கட்டுகள். தரையில் படுத்து உறங்குகிறவரைக் கடிக்கும். வலியே தெரியாமல் போகலாம். கடித்த தடமும் தெரியாமல் போகலாம். விடிகாலையில் வயிற்று வலி என்று எழுந்திருப்பார். கண் இமை தானாகச் சரியும். நாக்குக் குழறும். எச்சில் விழுங்க முடியாது. 'ராத்திரி சாப்பிட்டது சேரவில்லை' என்று கஷாயம் வைத்துக்கொண்டிருப்பார்கள். அதற்குள் மூச்சு நின்றுவிடும். தரையில் படுத்து எழுந்தவருக்குக் காரணமில்லாத வயிற்று வலியும் இமைச் சரிவும் வந்தால், அதைப் பாம்புக்கடியாக நினைத்தே ஓடுங்கள்.

கண்ணாடி விரியன் முதுகில் வட்ட வட்டமாகச் சங்கிலி போட்டது போல இருக்கும். சருகில் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. மிதித்தால் கடிக்கும். குக்கர் விசில் போலச் சீறும். இதன் விஷம் ரத்தத்தை உறையவிடாது. ஈறில் ரத்தம் கசியும். சிறுநீரகத்தையும் கெடுக்கும். சுருட்டை விரியன் சிறியது. கரடும் கல்லும் உள்ள காய்ந்த நிலத்தில் இருக்கும். உடம்புச் செதிலை ஒன்றோடொன்று உரசி 'சரசர' என்று ஒலி எழுப்பும். அதன் விஷமும் ரத்தத்தைத்தான் தாக்கும்.

இடுக்கியில் ஏலக்காட்டிலும் காப்பித் தோட்டத்திலும் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே குழிவிரியன் வகைகள் உண்டு. செடியில் பச்சையாக ஒன்று சுருண்டிருக்கும். தரைச் சருகில் மூக்கு மேலே தூக்கிய சிறிய விரியன் ஒன்று கிடக்கும். இப்போது நம் மருத்துவமனைகளில் உள்ள மருந்து மேலே சொன்ன நாலு பாம்புகளுக்காகச் செய்தது. இந்த மூக்கு விரியனின் விஷத்தை அது முறிக்காது. அதற்காக வீட்டில் இருந்துவிடக் கூடாது. சிறுநீரகம் கெடாமல் பார்க்கவும், கெட்டால் காப்பாற்றவும் மருத்துவமனை வேண்டும்.

மருந்து எங்கிருந்து வருகிறது?

பாம்பின் விஷத்துக்கு மருந்து பாம்பின் விஷத்திலிருந்தே தொடங்குகிறது. குதிரைக்கு மிகக் கொஞ்சமாக விஷத்தை ஊசி போடுகிறார்கள். அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறார்கள். குதிரையின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உண்டாகிறது. அந்த ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து, அதிலிருந்து மருந்தைப் பிரிக்கிறார்கள். அதுவே விஷமுறிவு மருந்து.

அந்த விஷத்தை யார் எடுக்கிறார்கள்? இருளர் மக்கள். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் அவர்களுக்கு ஒரு கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது. அதற்கு முன் இருளர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகு தோல் வியாபாரம் நின்றது. பிழைப்பும் நின்றது. அப்போது பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேகர் உதவியோடு இந்தச் சங்கம் உருவாயிற்று. பாம்பைப் பிடித்து வருவார்கள். சில வாரம் பானையில் வைத்திருந்து விஷம் எடுப்பார்கள். வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வைத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். இந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பள்ளிக்கூடம் கற்றுத் தராத அறிவுக்குக் கிடைத்த விருது அது.

மருந்து ஒரு குப்பி போதாது. முதல் தடவையே பெரும்பாலும் 8 முதல் 10 குப்பி வரை ஏற்றுவார்கள். சின்னக் குழந்தைக்கும் அதே அளவுதான். ஏன் தெரியுமா? கடிக்கிற பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. சிலருக்கு மருந்து ஒவ்வாமல் போகும். அதைச் சமாளிக்கவும் மருத்துவர் பக்கத்தில் வேண்டும்.

"எங்கள் ஊர் வைத்தியர் மந்திரித்தே பிழைக்க வைத்தாரே!" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பல நேரம் கடித்தது விஷமில்லாத பாம்பாக இருக்கும். விஷப் பாம்பே கடித்தாலும், சில தடவை விஷத்தை இறக்காமல் விட்டுவிடும். அப்படிப்பட்டவர் மந்திரித்தாலும் பிழைப்பார், சும்மா இருந்தாலும் பிழைப்பார். விஷம் இறங்கியவர்தான் சாகிறார். அவர் கதையை யாரும் திரும்பச் சொல்வதில்லை. புற்றுக்குப் பால் ஊற்றிக் கும்பிடுவது உங்கள் நம்பிக்கை. அது வேறு. கடிபட்டவரின் நேரத்தைக் கடத்துவது வேறு.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியில் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்தார். பாதிச் சாவுகள் ஜூன் முதல் செப்டம்பர் வரை, மழைக்காலத்தில். 2019 நவம்பரில் வயநாட்டில் ஒரு பள்ளி வகுப்பறையிலேயே ஒரு சிறுமியைப் பாம்பு கடித்தது. ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு என்று நேரம் போனது. குழந்தை பிழைக்கவில்லை. கேரளமே அழுதது.

வேறு மாதிரியும் நடந்தது. வாவா சுரேஷ் என்பவர் கேரளத்தில் பேர்போன பாம்பு பிடிப்பவர். 2022 ஜனவரி 31 அன்று கோட்டயம் பக்கத்தில் ஒரு நல்ல பாம்பு அவரைத் தொடையில் கடித்தது. மூச்சுக்குக் கருவி வைக்க வேண்டியதாயிற்று. கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மருந்து ஏறியது. ஒரு வாரத்தில் வீடு திரும்பினார். பழகியவரையே கடிக்கிற பாம்பிடம் நாம் வீரம் காட்டலாமா? வீட்டுக்குள் பாம்பு வந்தால், கேரளத்தில் வனத்துறையின் 'சர்ப்பா' என்ற செல்போன் செயலி மூலம் பயிற்சி பெற்றவரை அழைக்கலாம். தமிழ்நாட்டில் தீயணைப்புத் துறையை அழைக்கலாம். வரும்வரை எட்ட நின்று பாம்பு எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள்.

பாம்பு மட்டுமல்ல, யானையும் தீனியைத் தேடித்தான் வருகிறது. இடுக்கியில் சின்னக்கானல் பக்கம் ஒரு யானை ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றது. அரிக்கொம்பன் என்றே பெயர் வந்துவிட்டது. 2023 ஏப்ரலில் அதைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே மாதம் அது கம்பம் தெருவிலேயே ஓடியது. ஜூனில் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். யானையின் வாசலை நம்மால் அடைக்க முடியாது. பாம்பின் வாசலை ஓரளவு அடைக்கலாம். மட்டைக் குவியலையும் விறகையும் வீட்டுச் சுவரோடு சேர்த்து வைக்காதீர்கள். தானியத்தை மூடி வையுங்கள், எலி குறையும். மட்டையைக் கையால் அள்ளும் முன் கோலால் தட்டுங்கள். இரவில் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் வெளியே போகாதீர்கள். தரையில் படுத்தால் கொசுவலை கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகுங்கள். கட்டுவிரியன் உள்ளே வராது.

கோபாலபுரம் போன்ற எல்லை ஊரில் இன்னொரு வேலையும் உண்டு. விஷமுறிவு மருந்தும் மூச்சுக் கருவியும் உள்ள மருத்துவமனை எது? பொள்ளாச்சியா, சித்தூரா, பாலக்காடா? இன்றே விசாரியுங்கள். 'நம் மாநிலத்து ஆஸ்பத்திரி' என்று தூரமாகப் போக வேண்டாம். எது பக்கமோ அதுதான் நம் ஆஸ்பத்திரி. அதன் பெயரையும் போன் எண்ணையும் வாசல் சுவரில் பெரிதாக எழுதுங்கள். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். கரித்துண்டு போதும்.

கதைக்குத் திரும்புவோம். அந்த வீட்டில் கயிறு வந்தது. ஆனால் அந்தப் பெண் அதை வாங்கிக் கட்டவில்லை. மகளிடம் பேனா கேட்டு வாங்கினாள். வீக்கம் எதுவரை வந்திருக்கிறதோ அந்த ஓரத்தில், கணவன் காலின் மேலேயே ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் மணி எழுதினாள்: 6.50.

மருத்துவமனையில் நர்ஸம்மா கொஞ்சம் ரத்தம் எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டார். அதை ஆட்டாமல் 20 நிமிடம் வைத்தார். ஆரோக்கியமான ரத்தம் என்றால் அதற்குள் உறைந்துவிடும். குழாயைச் சாய்த்தால் ஒழுகாது.

"எப்போம்மா கடிச்சது?"

"ஆறரை மணி இருக்குமுங்க. 6.50-க்குக் கோடு போட்டேன். இப்ப வீக்கம் கோட்டைத் தாண்டிருச்சுங்க."

நர்ஸம்மா குழாயைச் சாய்த்தார். ரத்தம் தண்ணீர் போல ஓடியது. உடனே மருந்துக் குப்பிகளை உடைக்கத் தொடங்கினார்கள்.