செப்புத் தகட்டில் செதுக்கிய நகரங்கள்



ஓர் ஊரின் படம் அச்சில் வந்துவிட்டால், அதை அப்படியே உண்மை என்று நம்பிவிடுகிறோம். ஆனால், அதற்குப் பின்னால் வரைந்தவர், செதுக்கியவர், முதல் போட்டு வெளியிட்டவர் என்று பலர் இருக்கிறார்கள். அவர்களை அறிந்தால்தான் படத்தைச் சரியாகப் படிக்க முடியும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, ஜெர்மனியிலுள்ள கொலோன் நகரில் வெளிவந்த ஒரு பழைய நூல்.

உலகத்து நகரங்கள் என்று பொருள்படும் இலத்தீன் பெயர் கொண்டது அந்நூல். அதன் முதல் தொகுதி 1572ஆம் ஆண்டிலும், ஆறாவது தொகுதி 1617ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. மொத்தம் 540க்கும் மேற்பட்ட நகரப் படங்கள். தொகுத்து எழுதியவர் கியோர்க் பிரவுன் என்னும் பாதிரியார். செதுக்கியவர்களில் முதன்மையானவர் பிரான்ஸ் ஹோகன்பெர்க்.

செதுக்குவது எப்படி? பால்மரம் சீவுகிறவர் ஆழம் தவறாமல் பட்டையில் கோடு இழுப்பதைப் போல, செதுக்குபவர் செப்புத் தகட்டில் கூரிய உளியால் கோடு இழுப்பார். அச்சில் நேராக விழவேண்டுமென்பதற்காக எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றிச் செதுக்கவேண்டும். பிறகு கோடுகளுக்குள் மை தேய்த்து, மேலே உள்ள மையைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்துவார்கள். ரப்பர் ஷீட் உருட்டும் இயந்திரத்தைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வண்ணம் வேண்டுமானால், ஒவ்வொரு தாளிலும் கையால்தான் தீட்டவேண்டும்.

இத்தனை நகரங்களையும் இவர்கள் நேரில் கண்டவர்கள் அல்லர். யோரிஸ் ஹூப்நாகல் என்னும் ஓவியர் ஸ்பெயின் முதலிய நாடுகளில் சுற்றி வரைந்த படங்கள் உதவின. பழைய நூல்களில் இருந்தும் பல படங்களை எடுத்துக்கொண்டார்கள். தங்கள் ஊர் இல்லையே என்று குறைப்படுகிறவர்கள் அதன் படத்தை அனுப்பலாம் என்றும் பிரவுன் கேட்டுக்கொண்டார். முதல் தொகுதியில் நம் கோழிக்கோடும் கண்ணனூரும்கூட இடம்பெற்றன. அவை போர்த்துக்கீசியக் கப்பல்கள் சென்று வந்த துறைமுகங்கள். வணிகர் கண்ணில் பட்ட ஊர்கள் நூலில் ஏறின. உள்நாட்டில் இருந்த பல பெரிய ஊர்கள் ஏறவில்லை.

பல படங்களின் முன்புறத்தில் அவ்வூர் ஆண்களும் பெண்களும் தத்தம் உடையில் நிற்பார்கள். எதிரிப் படைகள் இப்படங்களைப் பயன்படுத்தாமல் தடுக்கவே மனித உருவங்களைச் சேர்த்ததாகப் பிரவுன் எழுதினார். இன்றோ, அக்கால மக்களின் உடையை அறிய அந்த உருவங்களே நமக்கு உதவுகின்றன.

செப்புத் தகடு எளிதில் அழியாது, கைமாறும். இத்தகடுகள் 1653ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் பதிப்பாளர் யான் யான்சோனியஸ் கைக்குப் போயின. 1657ஆம் ஆண்டில் பலவற்றை அவர் மீண்டும் அச்சிட்டார். எண்பது ஆண்டுகளுக்கு முந்திய நகரம் புதிய நூலில் புதிய படம்போல் வந்தது! ஆகவே, அச்சான ஆண்டு வேறு, வரைந்த ஆண்டு வேறு. இன்று அந்நூல்களிலிருந்து பிரித்தெடுத்த தாள்களைச் சட்டமிட்டு விற்கிறார்கள். தாளின் பின்பக்கத்தில் உள்ள எழுத்தைப் பார்த்து, அது எந்தப் பதிப்பைச் சேர்ந்தது என்று வல்லுநர்கள் கண்டுபிடிக்கிறார்கள்.

எந்த வரைபடத்தைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். வரைந்தவர் யார்? எப்போது வரைந்தார்? யாருக்காக வரைந்தார்?

இன்னொன்றும் உண்டு. வரைந்து அனுப்ப ஆளிருந்த ஊர் நூலில் ஏறியது. ஆளில்லாத ஊர் விடுபட்டது. நம் நாட்டில் எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீடமைப்புக்கு விற்கப்பட்டும் மறைந்துவிட்டன. லயங்கள், கோயில், தமிழ்ப்பள்ளி, பால் நிறுக்கும் கொட்டகை ஆகியவை எங்கெங்கே இருந்தன என்பது பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர்களைக் கேட்டு, பிள்ளைகள் ஒரு தாளில் வரைந்து வைக்கட்டும். வடக்குத் திசையைக் குறித்து, மூலையில் வரைந்தவர் பெயரையும் தேதியையும் மறக்காமல் எழுதட்டும்.