எண்ணில் அடங்காத மழலைகள்

செண்பகனூருக்கு அண்மையில், கோடைக்கானல் மலைமீது 1899இல் நிறுவப்பெற்ற வானாய்வுக்கூடம், நூறாண்டுகளுக்கும் மேலாகக் கதிரவனைப் படம்பிடித்து வருகின்றது. ஒருநாட் படம் உணர்த்துவது சிறிது. அவற்றின் தொடர்ச்சியே கதிரவனின் போக்கை உணர்த்தும். உயிர்க்கணக்கும் அத்தகையதே.

நம் நாட்டில் குழந்தை இறப்பின் போக்கைக் காட்டுவது மாதிரிப் பதிவுத் திட்டம். 1969-70 முதல் நாடளவில் நடைபெறும் இத்திட்டத்தில், தெரிந்தெடுத்த ஊர்களில் வாழும் ஆசிரியரோ அங்கன்வாடிப் பணியாளரோ பிறப்பு இறப்புகளை அவ்வப்போது குறித்து வருவர். ஆறு திங்களுக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் வீடுதோறும் சென்று தனியே கணக்கெடுப்பார். இரண்டும் ஒவ்வாவிடத்து, மீண்டும் நேரிற் சென்று உண்மை காண்பர். தமிழகத்தில் உயிருடன் பிறந்த ஆயிரம் மகவுக்கு, ஓராண்டு நிறையுமுன் இறந்தவை 1971இல் 113. 2020இல் 13 என நாம் அறிந்தது இவ்வாறே.

ஆயினும், இறந்தே பிறக்கும் மகவு இவ்வெண்ணில் அடங்காது. 28 வாரமேனும் கருவில் வளர்ந்து உயிரின்றிப் பிறப்பதைத் தனிப் படிவத்திற் பதிதல் வேண்டும். ஒருமுறை மூச்சுவிட்டு மறைந்த மகவுக்கோ பிறப்பு, இறப்பு என இரு பதிவுகள் தேவை. அதனையும் ‘இறந்து பிறந்தது’ என்றெழுதிவிட்டால், குழந்தை இறப்பு வீதம் பொய்யாகக் குறையும். பிறந்த குழந்தைக்கு மூச்சு வருவிக்கும் பயிற்சி குறைவா, கருவுற்ற தாய்க்குரிய கவனிப்புக் குறைவா என்பதும் மறைந்துபோகும். இறந்து பிறத்தலை 2030க்குள் ஆயிரத்துக்குப் பத்தினும் குறைக்க, 2014இல் நடுவணரசு செயல்திட்டம் வகுத்தது. பதிவு பிழைபட்டால், அவ்விலக்கை எய்தினோமா என்பதை எங்ஙனம் அறிவது?

‘பெயரிடாத பிள்ளைக்குப் பதிவேன்?’ என்று கேட்போர் உளர். சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடிய புறநானூற்று 74ஆம் பாட்டு, உருப்பெறாத் தசைப்பிண்டமாகப் பிறந்ததையும் மனிதனாகவே மதித்து வாளால் வடுப்படுத்திய மறக்குடி வழக்கைச் சொல்கிறது. வாள் வழக்கு ஒழிந்தது, மதிப்பு ஒழியலாகாது.

1969ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் பதிவாளருக்கு அறிவிக்கும் கடமை, வீட்டில் நிகழ்ந்தால் குடும்பத் தலைவருக்கும், மருத்துவமனையில் நிகழ்ந்தால் அதன் பொறுப்பு மருத்துவருக்கும் உரியது. மையவாடி, இடுகாடு ஆகியவற்றின் பொறுப்பாளர்க்கும் தெரிவிக்கும் கடமையுண்டு. ஆதலின் ஊர்ப் பெரியோர்களே, ஓசையின்றி அடக்கப்பெறும் ஒவ்வொரு சிறு உடலுக்கும் ஒரு வரிப் பதிவு உண்டா எனக் கேளுங்கள். அடுத்த தாயின் மடி நிறைய அவ்வொரு வரி உதவும்.