ஒரே மரபணு, வேறு வேறு சரம்

வெம்பக்கோட்டைப் பக்கம் சரவெடி பின்னிப் பழகியவர்களுக்கு இதை விளங்கவைப்பது சுலபம். ஒரே கூடை வெடிதான். எதைத் திரியோடு சேர்த்துப் பின்னுகிறோம், எதை விடுகிறோம் என்பதைப் பொறுத்துச் சரம் மாறும். நம் செல்களும் இதே வேலையைத்தான் பார்க்கின்றன.

வெட்டு, ஒட்டு

மரபணுவிலிருந்து முதலில் ஆர்.என்.ஏ. நகல் எடுக்கப்படும். அதில் இன்ட்ரான் துண்டுகளை வெட்டி எறிந்து, எக்ஸான் துண்டுகளை ஒட்டிய பிறகே புரதம் உருவாகும். 1977-ல் இதைக் கண்டறிந்த ரிச்சர்ட் ராபர்ட்ஸ், பிலிப் ஷார்ப் இருவருக்கும் 1993-ல் நோபல் பரிசு கிடைத்தது. எக்ஸான்களில் சிலவற்றைச் சேர்த்தும் சிலவற்றை விட்டும் ஒட்டுவதால்தான், ஏறத்தாழ 20,000 மரபணுக்களை வைத்துக்கொண்டு உடல் அதைவிட அதிகமான புரத வகைகளைச் செய்துகொள்கிறது. நல்ல சிக்கனம்!

புற்றுச்செல்லின் தில்லுமுல்லு

இந்தச் சிக்கனத்தைப் புற்றுச்செல் தன் வசதிக்கு வளைத்துக்கொள்கிறது. 'பிசிஎல்-எக்ஸ்' மரபணுவின் நகலை நீளமாக ஒட்டினால் செல்லைச் சாகவிடாத புரதம். குட்டையாக ஒட்டினால் சாகத் தூண்டும் புரதம். பல புற்றுநோய்களில் நீளமானதே மிகுந்திருக்கும்.

'மெட்' மரபணுவின் கதை இன்னும் முக்கியம். அது தரும் புரதம் 'வளர்' என்ற கட்டளையை வாங்கிச் செல்லுக்குள் சொல்லும். வேலை முடிந்ததும் அதை அப்புறப்படுத்துவதற்கான அடையாளம் 14-வது எக்ஸானில் இருக்கிறது. ஒட்டுமிடத்தருகே டி.என்.ஏ. எழுத்து பிசகினால் அந்த எக்ஸானே விடுபட்டுப்போகலாம், கட்டளை ஓயாது. சிறுசெல் அல்லாத நுரையீரல் புற்றுநோயில் நூற்றுக்குச் சுமார் 3 பேரிடம் இது காணப்படுகிறது. இவர்களுக்கென்றே கேப்மாட்டினிப் என்ற மாத்திரைக்கு 2020-ல் அமெரிக்கா அனுமதி தந்தது.

சென்னையிலிருந்து

சென்னை ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் 'பாரத் புற்றுநோய் மரபணு வரைபடம்' வெளியிட்டது. 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் எக்ஸான் பகுதிகளைப் படித்த வேலை அது. பெரிய முயற்சிதான். ஆனால் டி.என்.ஏ.வைப் படித்தால் கூடையில் என்ன இருக்கிறது என்பதுதான் தெரியும். பின்னிய சரத்தைப் பார்க்க ஆர்.என்.ஏ.வையும் படிக்கவேண்டும்.

பழியை 'மருந்து' மேல் போடாதீர்கள்

பட்டாசு ஊர்களில் 'மருந்து' என்றால் வெடிமருந்து. இருமல் வந்தால் "மருந்து நெடிதான்" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை அவசியம். காசநோய் இல்லையென்று தெரிந்தும் இருமல் நிற்காவிட்டால், சளியில் ரத்தம் வந்தால், எடை குறைந்தால், சி.டி. ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். புகைக்காதவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் வரும்.

புற்றுநோய் என்று உறுதியானால், மரபணுப் பரிசோதனையில் 'மெட்' உண்டா, ஆர்.என்.ஏ.வும் பார்க்கப்படுமா என்று மருத்துவரிடம் விசாரியுங்கள். சதைப் பரிசோதனைக்கு எடுத்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிவையுங்கள். மதுரைக்கோ சென்னைக்கோ போகும்போது, அது கையில் இருந்தால் மறுபடி ஊசி குத்தாமலே சோதிக்க முடியலாம்.