ஓடாத வண்டியின் வேகம்

ஐரோப்பாவின் வடபால் நாடுகளிலே மாரிக்காலத்தில் தெருக்கள் பனியால் மூடப்படும். பிற்பகல் நான்கு மணிக்கே இருள் சூழ்ந்துவிடும். துவிச்சக்கர வண்டிப் பயிற்சியை விட மனமில்லாதோர் அக்காலத்தில் வண்டியை வீட்டினுள்ளே கொணர்ந்து, பயிற்சிப் பொறியொன்றிற் பூட்டி, நின்ற இடத்திலேயே மிதிப்பர். முன்னாளில் இப்பொறி இரும்புச் சட்டமும் உருளையுமாகவே இருந்தது. இன்றோ அது கைத்தொலைபேசியோடும் கணனியோடும் தொடர்புகொள்கின்றது. திரையிலே மலையேற்றம் தோன்றினால், தானே மிதியைக் கடினமாக்குகின்றது. ‘ஸ்மார்ட் ட்ரெயினர்’ என்பது அதற்கு வழங்கும் பெயர்.

இதனை வாங்கியோர் பலர் முதல் வாரத்திலேயே எழுப்பும் முறைப்பாடு, வேகம் பிழையாகக் காட்டப்படுகின்றது என்பதாகும். தெருவிலே மணிக்கு 28 கிலோமீற்றர் செல்பவருக்கு அறையிலே 36 என்று காட்டும். இன்னொருவருக்கு 22 என்று காட்டும். கைபிடியிற் பூட்டிய சிறு கணனி ஒன்றைச் சொல்ல, எதிரேயுள்ள திரை வேறொன்றைச் சொல்லும். இஃது அற்பக் காரியம் அன்று. நோயினின்று தேறி மீண்டும் மிதிக்கத் தொடங்கிய ஒருவர், குறைந்த எண்ணைக் கண்டு தம் உடல் வலிமை குன்றிவிட்டதென்று கலங்கி, அளவுக்கு மிஞ்சி உழைக்கக்கூடும். போட்டியிலே பங்குகொள்பவருக்கோ இது மானப் பிரச்சினை. 2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே இத்தகைய பொறிகளின்மேல் முதலாவது உலக வெற்றியாளர் போட்டி நடைபெற்று, செர்மனியைச் சேர்ந்த படகோட்ட வீரர் யேசன் ஒசுபோர்ண் ஆடவர் பிரிவில் வென்றார். வீட்டுக்கு வீடு பொறிகள் வேறுபடின் வெற்றியை எவ்வாறு நம்புவது?

முதலில் கேட்கவேண்டிய கேள்வி, அந்த எண் எங்கிருந்து வருகின்றது என்பதே. வண்டி ஓடவில்லை, ஆதலின் அளப்பதற்கு உண்மையான வேகம் என்று ஒன்று அங்கே இல்லை. சில்லின் சுழற்சியை எண்ணிப் பெறும் வேகம் ஒன்று. பொறியின் உருளை அல்லது உட்சில்லு சுழல்வதைக் கொண்டு பெறும் வேகம் மற்றொன்று. மிதிப்பவர் செலுத்தும் வலுவைக் கொண்டு, ‘இவர் தெருவிலே சென்றிருந்தால் இவ்வளவு வேகத்திற் சென்றிருப்பார்’ என்று கணனி கணித்துச் சொல்லும் வேகம் மூன்றாவது. இம்மூன்றையும் ஒன்றென மயங்குவதே பெரும்பாலான முறைப்பாடுகளுக்கு மூலம்.

பின்சில்லைக் கழற்றிவிட்டுச் சங்கிலியை நேரே பொறியிற் பூட்டும் வகையை எடுத்துக்கொள்வோம். இவ்வகையில், இத்தனை உவாற்று வலு என்று முன்னரே குறித்துவிட்டால், எந்தப் பற்சில்லில் மிதித்தாலும் பொறி தடையைக் கூட்டியும் குறைத்தும் அதே வலுவை நிலைநிறுத்தும் ஓர் ஏற்பாடு உண்டு. அதிலே 200 உவாற்று என்று குறித்து, நிமிடத்துக்கு 90 சுற்று மிதிக்கின்றார் ஒருவர். முன்னே 34 பல்லும் பின்னே 25 பல்லும் உள்ள சில்லுகளிற் சங்கிலி இருந்தால், சுழற்சியைக் கொண்டு பெறும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 15 கிலோமீற்றர். சங்கிலியை 50 பல்லுக்கும் 14 பல்லுக்கும் மாற்றினால் அது 40 ஆகிவிடும். உழைப்பில் எள்ளளவும் மாற்றமில்லை! திரையிலுள்ள கணிப்பு வேகமோ அசையாது நிற்கும். இங்கே எந்தக் கருவியும் பழுதுபடவில்லை. கைபிடிக் கணனி சுழற்சியை எண்ணுகின்றது. திரை வலுவைக் கணக்கிடுகின்றது.

கணிப்பு வேகத்தில் ஐயம் எழுந்தால் பொறியைத் தொடுமுன் பதிவேட்டைப் பார்க்கவேண்டும். 75 கிலோகிராம் நிறையுள்ளவர் நூற்றுக்கு எட்டு ஏற்றத்திலே 200 உவாற்று செலுத்தினால் மணிக்குப் பத்துக் கிலோமீற்றர் அளவிலே ஏறுவார். நிறையை 65 என்று பதிந்துவிட்டால் வேகம் ஒரு கிலோமீற்றருக்கு மேற் கூடிவிடும். இறாத்தலையும் கிலோகிராமையும் மாற்றிப் பதிந்தவர்களும் உளர். அவர்கள் மலையிலே ஊர்வர். சமதரையிலோ நிறையைவிட வளித்தடையே பெரிது. வேகம் இருமடங்காக வேண்டுமாயின் வளியை எதிர்க்கும் வலு எட்டு மடங்காக வேண்டும். ஆகவே அங்கே வலு ஓரளவு பிழைத்தாலும் வேகம் சிறிதே பிழைக்கும்.

சில்லில் உணரி பூட்டியிருந்தால் சில்லின் பரிதியை அதற்குச் சரியாகச் சொல்லியிருக்கவேண்டும். 700 மில்லிமீற்றர் வகைச் சில்லில் 23 மில்லிமீற்றர் அகல ரயரின் பரிதி ஏறத்தாழ 2096 மில்லிமீற்றர். 28 அகலத்துக்கு 2136. மாற்றிப் பதிந்தால் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்திலே அரைக் கிலோமீற்றருக்குச் சற்று மிகுதியான பிழையே நேரும். எட்டோ பத்தோ கிலோமீற்றர் வேறுபாட்டுக்கு ரயரைக் குறைகூறுவது வீண்.

ரயர் உருளையிலே அழுந்தி ஓடும் பழைய வகைதான் உண்மையாகவே தொல்லை தருவது. மெலிந்த வளியமுக்கமும் தளர்ந்த உருளையும் ரயரை வழுக்கச் செய்யும். மிகுந்து இறுகினால் உராய்வு வலுவைத் தின்றுவிடும். சில்லின் உணரியையும் உருளையின் அளவையும் ஒருங்கே பார்த்தபடி வேகமாக மிதித்தால் குற்றம் வெளிப்படும்: சில்லு விரைய, உருளை பின்தங்கினால் வழுக்கல் உண்டு. வேகத்திலிருந்தே வலுவை ஊகிக்கும் மலிவான பொறிகளிலே, இந்த ஒரு பிழை வலுவையும், அவ்வலுவிலிருந்து கணிக்கப்படும் வேகத்தையும் சேர்த்தே கெடுக்கும்.

இதற்குப் பரிகாரம் அளவு திருத்தம். ரயர் குளிர்ந்திருக்கும்போது வளியமுக்கத்தை என்றும் ஒரே அளவில் வைத்து, உருளையைச் செய்தவர் குறித்தபடி இறுக்கி, பத்து நிமிடமாவது மிதித்துச் சூடேற்றவேண்டும். பின்பு பொறி கேட்கும் வேகத்தை எட்டி, மிதிப்பதையும் தடுப்பதையும் விட்டுவிட்டால், சில்லு தானாக ஓய்வதற்கு எடுக்கும் நேரத்தை அது அளந்து, தன் உராய்வை அறிந்துகொள்ளும். சூடேறுமுன் திருத்தியவர் ஒவ்வொரு நாளும் வேறு எண்ணையே காண்பார். பலர் அவசரப்பட்டுத் தவறுவது இங்கேதான். புதிய பொறிகள் சில தம்மைத் தாமே திருத்திக்கொள்கின்றன. அவற்றுக்கு இவ்வேலை இல்லை.

எண் திடீரெனப் பூச்சியமாவதும் துள்ளுவதும் வேறு நோய். உணரியின் மின்கலம் தேய்ந்திருக்கலாம். அல்லது வீட்டின் வைஃபையும் புளூடூத்தும் ஒரே அலைவரிசைப் பகுதியிலே நெருக்கிக்கொள்ளலாம். கணனியைப் பொறிக்கு அண்மையில் வைத்து, வேண்டாத கருவிகளின் தொடர்பைத் துண்டித்தல் நன்று.

மிதிகட்டையிலேயே வலுமானி பூட்டியவர்கள் இரண்டையும் ஒப்பிடலாம். சங்கிலி உராய்விலே சிறிது வலு கழிவதால், மிதிகட்டையின் எண் நூற்றுக்கு இரண்டு மூன்று கூடுதலாக இருப்பது இயல்பு. அதற்கு மேலும் பெரிதாக விலகினால், அல்லது பொறியின் எண் கூடியிருந்தால், இரண்டில் ஒன்று திருத்தப்படவேண்டும்.

இவ்வளவும் பார்த்த பின்னரும் அறையிலே எண் குறைவாகவே நிற்கக்கூடும். அப்போது பொறி மெய்யே சொல்கின்றது. தெருவிலே எதிர்க்காற்று உடலைக் குளிர்விக்கும். அடைத்த அறையிலே அக்காற்று இல்லை. உடல் வெந்து, இதயம் விரைந்து, அரைமணி நேரத்திலே கால்கள் தளரும். வெப்ப நாடுகளில் இது பின்னும் கடுமை. அந்நிலையில் மிதிப்பவருக்கு வேண்டியது புதிய உணரி அன்று, முகத்துக்கு நேரே ஒரு பெரிய மின்விசிறி.