உங்கள் உத்தியோகம் என்ன?

"உங்கள் அவருக்கு என்ன உத்தியோகம்?" என்று அடுத்த வீட்டு மாமி கேட்டால், பதில் சொல்ல உங்களுக்கு ஒரு நொடி போதும். "மானேஜர்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுக் காப்பியை நீட்டுவீர்கள். அதே கேள்வியை ஆஸ்திரேலிய சர்க்கார் கேட்டால்? அங்கே அந்த ஒரு வார்த்தை செல்லாது, அம்மணி!

தொழில் திறமையை வைத்து அங்கே குடியேற விசா கேட்பவர்கள், அந்த சர்க்கார் வெளியிட்டிருக்கும் ஜாபிதாவிலிருந்து ஒரு தொழிலைப் பொறுக்கி, 'இதுதான் என் தொழில்' என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு தொழிலுக்கும் ஆறு இலக்க எண் உண்டு. இன்னின்ன வேலை செய்பவர் என்ற விளக்கமும் உண்டு. விசாக்களும் பல வகை. ஒன்றின் ஜாபிதாவில் இருக்கும் தொழில் மற்றொன்றில் இல்லாமலும் போகலாம்.

நமக்குப் பழக்கமான சமையலறையையே எடுத்துக்கொள்ளுங்களேன். 'செஃப்' என்றால் 351311. 'குக்' என்றால் 351411. இரண்டும் சமையல்தானே என்கிறீர்களா? இன்று என்ன பதார்த்தம் என்று திட்டமிட்டு, செலவைக் கணக்கிட்டு, கீழே உள்ளவர்களை வேலை வாங்குகிறவர் செஃப். பக்குவம் பார்த்துச் சமைத்து இறக்குகிறவர் குக். விசிட்டிங் கார்டில் 'செஃப்' என்று அச்சடித்துவிட்டு, நாள் முழுவதும் தோசைக்கல்லின் முன்னால் நிற்கிறவரை என்னவென்று சொல்வது? பட்டப் பெயரை அல்ல, கை செய்யும் வேலையைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள்.

அப்படிப் பார்த்துச் சொல்வதற்குத் தனித்தனி சபைகள் இருக்கின்றன. கம்ப்யூட்டர்காரர்களுக்கு ஆஸ்திரேலியன் கம்ப்யூட்டர் சொசைட்டி. இன்ஜினீயர்களுக்கு இன்ஜினீயர்ஸ் ஆஸ்திரேலியா. படிப்பும் வேலையும் தொழிலோடு பொருந்த வேண்டும். அனுபவத்தில் முதல் சில வருஷங்களைக் கழித்துக்கொள்வதும் உண்டு. கம்பெனி தரும் கடிதத்தில் பதவியின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. செய்த வேலைகளும் விவரமாக இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் சபலம் தட்டும். "சார், இந்தத் தொழிலைப் போட்டால் சட்டென்று கிடைக்கும். கடிதம் நான் வாங்கித் தருகிறேன்" என்று ஒரு தரகர் வருவார். தயவு செய்து வாசலோடு அனுப்பிவிடுங்கள்! பொய்ப் பத்திரம் என்று தெரிந்து மனு நிராகரிக்கப்பட்டால், மூன்று வருஷங்களுக்குக் கதவு அடைபடலாம். அவருக்கு மட்டுமல்ல, கூடவே மனுச் செய்த உங்களுக்கும்தான்.

இன்னொரு விஷயம், இது உங்களுக்கே சொல்வது. யாருடைய தொழிலை முன்வைப்பது? அவருடையதைத்தான் என்று ஏன் முடிவு கட்ட வேண்டும்? நீங்கள் நர்சாகவோ, அக்கவுண்டன்டாகவோ, ஆசிரியையாகவோ இருக்கலாம். அவருடைய 'மானேஜர்' ஜாபிதாவில் எதிலும் ஒட்டாமல் நிற்க, உங்கள் தொழில் பளிச்சென்று பொருந்தலாம். அப்போது மனு உங்கள் பெயரில் போகட்டும். அவர் உங்களோடு வரட்டும்.

மதிப்பெண் கணக்கும் இருக்கிறது. 65 இல்லாவிட்டால் பரிசீலனையே இல்லை. போட்டியில் அதற்கு மேலும் தேவைப்படுவதுண்டு. வயது 25 முதல் 32 வரை என்றால் 30 மதிப்பெண். 40ஐத் தாண்டினால் 15தான். 45 ஆகிவிட்டாலோ இந்த வழியே கிடையாது. மனு அவர் பெயரிலேயே இருந்தாலும், உங்கள் தொழிலும் ஜாபிதாவில் இருந்து, சபையும் ஏற்று, போதுமான ஆங்கிலமும் 45க்குள் வயதும் இருந்தால், உங்களால் 10 மதிப்பெண் கூடும். அடுப்படியில் இருப்பதால் உங்கள் பட்டத்தை மறந்துவிடாதீர்கள்.

ஜாபிதா அடிக்கடி மாறும். ஆகவே போன வருஷம் போன மைத்துனர் சொன்னதை நம்பாமல், அந்த சர்க்காரின் வலைத்தளத்தையே பாருங்கள். யோசனை கேட்பதானால், அங்கே முறைப்படி பதிவு பெற்ற ஆலோசகரிடம் கேளுங்கள்.

இன்றிரவு சாப்பாடானதும் இருவரும் ஆளுக்கொரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஆபீசில் என்னென்ன செய்தோம் என்று மறைக்காமல் எழுதுங்கள். பிறகு ஜாபிதாவில் உள்ள விளக்கங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் தொழில் எது என்று அந்தக் காகிதமே சொல்லிவிடும்.

மாமியிடம் மட்டும் "மானேஜர்" என்றே சொல்லிக்கொள்ளுங்கள், பாதகமில்லை!