அடுக்கு குலைந்தது! கணக்கு கவிழ்ந்தது!

தாம்பரத்துக்கு மேற்கே இருக்கும் முடிச்சூரில், கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலர் உண்டு. "ராத்திரி முழுவதும் அப்படி என்னதான் தேடுகிறான்?" என்று வீட்டில் உள்ளவர்கள் கேட்கலாம்.

சில சமயம் அவன் தேடுவது ஒரே ஒரு எண். 16 இருக்க வேண்டிய இடத்தில் 8 இருக்கும். அவ்வளவுதான்!

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் "சக்தி" என்ற சிப்பை உருவாக்கினார்கள். 2018-ல் அது வெளிவந்தது. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-ல் பிறந்த "ரிஸ்க்-5" கட்டளைகளே அதற்குப் புரியும் பாஷை.

புதை! தோண்டு!

கம்ப்யூட்டர் ஒரு வேலையைப் பாதியில் நிறுத்தி, இன்னொரு வேலைக்குப் போகும். திரும்பி வர வேண்டாமா? வர வேண்டிய முகவரியையும், கையில் இருந்த எண்ணையும் ஓர் அடுக்கில் வைத்துவிட்டுப் போகும். கல்யாண வீட்டுத் தட்டு அடுக்கு போலத்தான். கடைசியில் வைத்ததை முதலில் எடுக்க வேண்டும்.

இங்கிலாந்து கணித மேதை ஆலன் டூரிங் 1945-லேயே இந்த யோசனையை எழுதி வைத்தார். அவர் சூட்டிய பெயர்கள் வேடிக்கையானவை. வைப்பதற்கு "புதை", எடுப்பதற்கு "தோண்டு"!

குற்றவாளி யார்?

பெரியவன், நடுவன், சின்னவன் என்று மூன்று வேலைகள். பெரியவன் நடுவனைக் கூப்பிடுகிறான். நடுவன் சின்னவனைக் கூப்பிடுகிறான்.

64 பிட் சிப்பில் ஓர் எண்ணுக்கு 8 பைட் இடம் வேண்டும். சின்னவன் வைப்பது இரண்டு எண்கள். ஆனால் பிடித்த இடமோ 8 பைட்தான்! இரண்டாவது எண் எங்கே போகும்? நடுவன் பத்திரமாக வைத்திருந்த பெரியவனின் எண்மேல் போய் உட்கார்ந்துவிடும்.

சின்னவன் ஒழுங்காகத் திரும்புவான். நடுவனும் திரும்புவான். பெரியவன் கணக்குத்தான் கவிழும். தப்பு செய்தவன் ஒருவன், மாட்டிக்கொண்டவன் மூன்றாமவன்!

சாதாரணமாக இந்த இடம் பிடிக்கும் வேலையைக் "கம்பைலர்" என்ற மொழிபெயர்ப்பு புரோகிராமே பார்த்துக்கொள்ளும். அது தப்பு செய்வது அபூர்வம். சிப்பின் பாஷையில் மனிதன் கைப்பட எழுதும்போதுதான் இந்த வினை.

துப்பு எப்படிக் கிடைக்கும்? புரோகிராமை ஒவ்வொரு கட்டளையாக நிறுத்தி ஓட்டுவார்கள். பெரியவன் கையில் இருக்கும் தப்பான எண் என்ன என்று பார்ப்பார்கள். அது எண்ணே அல்ல, ஒரு முகவரி! சின்னவன் திரும்பிப் போக வேண்டிய முகவரி! திருடன் தன் விலாசத்தையே விட்டுவிட்டுப் போன மாதிரி.

பிறகு வேலை சுலபம். அடுக்கை 16, 32 என்று பதினாறின் மடங்காகவே நகர்த்த வேண்டும் என்பது ரிஸ்க்-5 விதி. ஆகவே 8-ஐ 16 ஆக்க வேண்டும்.

ஆனால் இரண்டு இடத்தில்! இடம் பிடிக்கும்போதும் 16. திருப்பிக் கொடுக்கும்போதும் 16. முதல் இடத்தை மட்டும் திருத்திவிட்டு, மற்றதை மறந்தால் போச்சு. நடுவன் ஏதோ ஓர் எண்ணை முகவரி என்று நம்பி, அங்கே ஓடுவான். புரோகிராம் அந்த இடத்திலேயே விழுந்துவிடும்!